முச்சந்தியில் நிற்கும் இரண்டு கற்கள்

அந்தக் கற்களை அகற்றச் சொல்லி மனு எழுதியது நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது சொன்னால், என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இடம் பார்த்திருந்தேன் என்று நினைப்பீர்கள்.

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் பிறந்து, கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவள். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே ஒழுங்கையில், ஒரே சிறு தெருவில், குடியிருக்கிறேன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றேன். மூன்று மொழியிலும் கடிதம் எழுத வரும். அதனால் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தாலும் எங்கள் வீட்டு மணிதான் அடிக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று என் கணவர் சொல்வார். கோபம் இல்லாமல் ஒரு நல்ல மனு எழுத முடியாது என்பது என் அனுபவம்.

எங்கள் ஒழுங்கை பெரிய வீதியைத் தொடும் இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் இரும்புக் கதவுக்குப் பின்னால் பிள்ளையார். மறுபக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோனியார். வீதிக்கு அந்தப்புறம் அரச மரத்தடியில் புத்தர். கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல். எல்லாருக்கும் தனித்தனி மின்குமிழ் வரிசை உண்டு, தனித்தனி ஒலிபெருக்கியும் உண்டு. அந்த முக்கோணத்தில் மட்டும் யாரும் இல்லை. உட்கார இரண்டு சீமெந்து வாங்குகள், ஒரு வாகை மரம், நிழலில் நாலைந்து ஓட்டோக்கள், அவ்வளவுதான். பின்னேரங்களில் எல்லாச் சாமிகளின் ஆட்களும் அங்கே வந்து கால் நீட்டி உட்காருவார்கள். வேறு எங்கும் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து நான் கண்டதில்லை.

போன வருடம் ஒரு காலையில் வேலையாட்கள் வந்து அந்த நிலத்தில் கிடங்கு வெட்டத் தொடங்கினார்கள். ஆள் இறங்கினால் தலை தெரியாத ஆழம். எதற்கு என்று கேட்டேன். தங்களுக்கு வெட்டத்தான் சொன்னார்கள், மற்றது தெரியாது என்றார்கள். ஒரு கிழமை கழித்து, வீதியில் வாகனம் குறைந்திருந்த ஞாயிறு விடியற்காலை, லொறியும் கிரேனும் வந்து போயிருக்கின்றன. நான் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனபோது அது நின்றுகொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரம். நீலத் தார்ப்பாய் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கீழே அகன்று மேலே ஒடுங்கிய உருவம். பார்த்த உடனேயே, யாரோ கால் மடித்துச் சப்பாணி கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

இந்த நாட்டில் சந்தியில் எதையாவது மூடிக் கட்டி வைத்தால் அடுத்து என்ன வரும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். முதலில் விளக்கு வரும். பிறகு கொடி, பிறகு ஒலிபெருக்கி. அடுத்த வருடம் ஊர்வலம். அதற்கடுத்த வருடம், அங்கே ஓட்டோ நிறுத்தக்கூடாது, செருப்போடு உட்காரக்கூடாது என்று ஒரு பலகை. இதை நான் யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எல்லாரும் செய்கிறதுதான்.

முச்சந்திக்கு நேர் எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்கள் நானா, பாணைச் சுற்றித் தந்தபடி குரலைத் தாழ்த்தினார்.

“உள்ளுக்கு எனத்த ஈக்கிது எண்டு கேக்கவே தேவல்ல மிஸ். கட்டீக்கிற விதத்தப் பாத்தா வெளங்கல்லியா?”

“விளங்குது நானா. வடிவா விளங்குது.”

வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்வீட்டுச் சிங்கள அக்கா வாசலில் நின்றார். நாங்கள் இருவரும் இத்தனை வருடமாகக் கறிவேப்பிலையும் பலகாரமும் மாற்றிக்கொள்கிறவர்கள். “நங்கி, கோபிக்க வேண்டாம்,” என்று என்னைத் தங்கையாக்கிச் சிங்களத்தில் கேட்டார். “அது உங்கள் கோயில்காரர்களின் வேலையா?”

எனக்குச் சுருக்கென்றது. எங்களை எப்படி இவர் சந்தேகப்படலாம் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். காலை முழுக்க நான் அவருடைய ஆட்களைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று பின்னேரமே மனு எழுத உட்கார்ந்தேன். கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“துணியை எடுத்தாப் பிறகு எழுதலாம்தானே?”

“எடுத்தாப் பிறகு என்னத்தை எழுதுறது? முகம் வெளியில வந்திட்டா அதில ஆர் கை வைக்கிறது? நீங்கள் பேப்பரைப் பாருங்கோ.”

நான் சொன்னது இந்த ஊருக்குச் சரியான நியாயம்தான். துணிக்குள் இருக்கும்வரை அது பொருள், சாமான். துணி விலகினால் சாமி. சாமானை எடுக்கச் சொல்லலாம், சாமியை எடுக்கச் சொன்னால் கலவரம் வரும். ஆகவே பார்ப்பதற்கு முன்பே எதிர்க்க வேண்டும். மூன்று பக்கம் எழுதினேன். ஒரு மதத்தின் பெயரையும் சொல்லவில்லை. அதுதான் அந்த மனுவின் கெட்டித்தனம். ஒழுங்கையில் வீடு வீடாகப் போனேன். நாற்பத்து மூன்று பேர் கையொப்பமிட்டார்கள். நானா இட்டார். அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பங்கள் இட்டன. எதிர்வீட்டு அக்கா எல்லாருக்கும் முதலாக இட்டார். ஒவ்வொருவரும் மற்றவருடைய சாமிக்கு எதிராகத்தான் இடுகிறார்கள் என்று தெரிந்தும் நான் ஒன்றும் பேசாமல் தாளை நீட்டினேன். என் கணவர் மட்டும் இடவில்லை. மனுவை நானே கொண்டுபோய் உரிய அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்தி வாங்கி வந்தேன்.

அடுத்த கிழமை ஒரு காலை பத்து மணிபோல நானாவின் கடையில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். மாலை இல்லை, ரிபன் இல்லை, பெரிய மனிதர் யாரும் இல்லை. ஏறிக் கயிற்றை வெட்டினார்கள். தார்ப்பாய் சரிந்து விழுந்தது. அதை மடித்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் முகத்தைத் தேடினேன். கடையில் நின்ற எல்லாரும் அதையே தேடியிருப்பார்கள். முகம் இல்லை. கை இல்லை, மடி இல்லை, எழுத்தும் இல்லை. கருங்கற்கள் இரண்டு ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்து நின்றன. மேலே தொடப்போகிறவைபோல வந்து, தொடாமல் நின்றுவிட்டன. நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி. கீழே ஒரு ஆள் நுழையலாம்.

“இன்னும் முடியல்ல போல,” என்றார் நானா.

அதைத்தான் எல்லாரும் நம்பினோம். மிச்சம் வரும், தலையும் உடம்பும் பிறகு வைப்பார்கள் என்று இரண்டு நாள் காத்திருந்தோம். யாரும் ஒன்றும் கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பொருளை வைத்தால் அது என்ன என்று சொல்ல வேண்டாமா? இன்னும் ஒரு கடிதம் எழுதலாம், அதற்குக் கிட்டப் போய் நன்றாகப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம் என்று பேனாவும் கையுமாகப் போனேன்.

குறிப்பு எடுக்கவில்லை.

கற்களின் வெளிப்பக்கத்தைச் சீராக்காமல் விட்டிருந்தார்கள். பாறையைப் பிளக்கத் துளையிட்ட தடங்கள் மேலிருந்து கீழ்வரை அப்படியே இருந்தன. கை வைத்தால் உள்ளங்கையில் உறுத்தியது. சரி, கல் உடைக்கிற இடத்திலிருந்து நேரே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு சுற்றி வந்தேன். இரண்டுக்கும் நடுவே உள்பக்கம் கண்ணில் பட்டது. அது வேறு கல்லோ என்று நினைத்தேன். கறுப்பாக, ஈரம் காயாததுபோல, அவ்வளவு வழவழப்பு. எப்போது செருப்பைக் கழற்றினேன் என்று எனக்குத் தெரியாது. உள்ளே நின்றபோது கால் வெறுங்காலாக இருந்தது.

உள்ளே நான்கு அடி நடக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு அடிக்குள் வீதிச் சத்தம் பின்வாங்கிவிட்டது. நின்றுபோகவில்லை. அடுத்த ஊரில் கேட்பதுபோல் கேட்டது. என் மூச்சு எனக்குக் கேட்டது. இரண்டு பக்கமும் என் உருவம் தெரிந்தது, கண்ணாடியில்போல் இல்லை, முகம் கலைந்து, கறுப்புக்குள் ஒரு ஆள் நிற்பதாக மட்டும். மேலே பார்த்தேன். நூல்போல வானம். அந்த நூலின் இரண்டு கரையிலும் அத்தனை பாரம் ஒன்றில் ஒன்று சாயாமல், எதையும் பிடிக்காமல் நின்றது. எனக்கு நடுங்கியது. விழுந்துவிடும் என்ற பயம் இல்லை. விழவில்லையே என்பதுதான் நடுக்கம்.

இரண்டு கையையும் விரித்து இரண்டு கல்லிலும் வைத்தேன். நண்பகல் வெயிலிலும் குளிர்ந்திருந்தது. அப்போது துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறி ஒன்று வீதியில் போனது. அதன் இரைச்சல் காதுக்கு வருமுன் உள்ளங்கைக்கு வந்தது. கல் அதிர்ந்தது. இரண்டு கல்லும் ஒன்றாக அதிர்ந்து, என் தோள்வரை ஏறி, மெல்ல அடங்கியது. முப்பது வருடமாக அந்த லொறிகளைத் திட்டிக்கொண்டு வாழ்கிறவள் நான். ஒரு லொறி போவதை அப்படி நான் அறிந்ததில்லை.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தேன். நான் எதற்கும் லேசில் வாய் பிளக்கிறவள் இல்லை. கோயில் கோபுரங்களையும் பெரிய தேவாலயங்களையும் பார்த்திருக்கிறேன், கும்பிட்டிருக்கிறேன். அங்கே எல்லாம் எனக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதை யாரோ முதலிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தும் அரை மணித்தியாலம் எழும்பாமல் அங்கேயே இருந்தேன். அது என்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமலே அதன் முன்னால் இவ்வளவு சிறியவளாகிப்போனேன், அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் போனேன். நான் மட்டும் இல்லை. முகத்துவாரத்திலிருந்து வேலைக்குப் போகும் பெண்கள் நடையை நிறுத்தாமல் ஒரு கையைக் கல்லில் இழுத்துக்கொண்டே போனார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்த கிழவர் ஒருவர் உள்ளே நின்று மேலே பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். ஓட்டோக்காரர்கள் தாங்களாகவே வண்டிகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். உள்ளே போனவர்கள் எல்லாரும் மெதுவாகத்தான் கதைத்தார்கள். யாரும் சொல்லாமலே எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். அது கோயில் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வழவழப்பான கல்லின் முன் எங்கள் கால்களுக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் பெருமழை பெய்தது. குடையோடு ஓடினேன். மேலிருந்த இடைவெளியால் மழை ஒரே கோடாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் ஆள் நனையாமல் நிற்கலாம். அந்தப் பக்கம் எதிர்வீட்டு அக்கா நின்றார். நான் இந்தப் பக்கம் நின்றேன். நடுவில் ஒரு விரல் அகலத்தில் மழை.

அந்தக் கிழமைதான் கடிதம் வந்தது. பதிவுத் தபால், என் பெயருக்கு. குடியிருப்பாளர்கள் நாற்பத்து மூன்று பேரின் எதிர்ப்பு நியாயமானது என்று காணப்பட்டதாம். ஒரு தடவை இடத்தை வந்து பார்த்தபின் அகற்றுவதற்கு ஏற்பாடு செய்வார்களாம். வருகிற நாளும் நேரமும் போட்டிருந்தது.

என் வாழ்க்கையில் நான் எழுதிய எத்தனையோ மனுக்களுக்குப் பதில்கூட வந்ததில்லை. தெருவிளக்குக்கு நான்கு வருடம் எழுதினேன். இது ஒன்றுக்குத்தான் கேட்டதெல்லாம் கொடுத்தார்கள். கடிதத்தைக் கணவரிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். “நான் சொன்னனான்” என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

அன்று பின்னேரம் முச்சந்திக்குப் போனபோது, கற்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். அவள் கற்களைப் பார்க்கவில்லை. கீழே வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்.

“நீங்களும் பார்க்க வந்தனீங்களோ?” என்று கேட்டேன்.

“ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேங்கம்மா. எடுக்கப் போறாங்களாம். லெட்டர் வந்துச்சு.”

அவள் கைகளைப் பார்த்தேன். விரல் மூட்டுகள் தடித்து, நகக்கண்களில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. இந்தக் கற்களைச் செய்தவள் இவள்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள், இப்போது வத்தளையில் வாடகைக் கொட்டகை ஒன்றில் கல் வேலை செய்கிறாள் என்று கதைக்கும்போது சொன்னாள். அனுமதி வாங்கித்தான் இங்கே வைத்தாளாம். இந்த இரண்டு கல்லுக்கும் இரண்டு வருடம் ஆனதாம். உள்பக்கத்தைத் தேய்க்க மட்டும் ஏழு மாதம்.

“எடுத்தா வேற இடத்தில வைக்கலாம்தானே, தங்கச்சி?” என்றேன். எனக்கு நானே ஆறுதல் தேடிக்கொண்ட கேள்வி அது.

“இல்லங்கம்மா. நீங்க பாக்குறது பாதிதான். இன்னும் ரெண்டு ஆள் ஒசரத்துக்கு மண்ணுக்குள்ள போகுது. அதாலதான் விழாம நிக்கிது. சுத்தி கொங்கிரீட். எடுக்கிறதுனா ஒடச்சுத்தான் எடுக்கணும்.”

காலுக்குக் கீழே பார்த்தேன். நான் நிற்கிற இடத்துக்கு அடியில், ஒளியும் ஆளும் படாத இருட்டில், அதே கல் இறங்கிப் போகிறது. தினமும் வந்து தொட்டுப் பார்த்தவள் நான். அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன். யாரும் பார்க்கவே போகாத பாதியையும் ஒருத்தி சுமந்து வந்து நட்டிருக்கிறாள். மேலே நின்ற அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. அதை உடைக்கச் சொல்லி எழுதிய கை என் கை.

“ஆர் எதிர்த்தது எண்டு தெரியுமோ?” என்று கேட்டேன்.

“இந்தத் தெருவுல எல்லாருமேனு போட்டிருந்துச்சு.” அவள் மறுபடியும் செருப்புகளைப் பார்த்தாள். “அதான் ஒண்ணும் வெளங்கல.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எந்த அதிகாரியின் முன்னாலும் அடங்காத வாய். தொலைபேசி இலக்கத்தை மட்டும் கேட்டு வாங்கினேன். அவள் பஸ் பிடிக்கப் போனாள்.

மறுநாள் காலை புதுத் தாளோடு வீடு வீடாகத் திரும்பவும் இறங்கினேன். எதிர்ப்பை மீளப் பெறுகிறோம் என்று இரண்டு வரி மட்டும் எழுதியிருந்தேன். முதலில் எதிர்வீடு. அக்கா கதவிலேயே பேனாவை வாங்கினார்.

“நான் அன்றைக்கு ஏன் கையொப்பமிட்டேன் தெரியுமா, நங்கி?” என்றார். “உங்கள் பிள்ளையாரைப் பெரிதாக வைக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.”

“நான் உங்கள் புத்தரை நினைத்து எழுதினேன், அக்கே,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரித்து முடிந்தபின் இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் கறிவேப்பிலை மாற்றியிருக்கிறோம், இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டதில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, நானும் வருகிறேன் என்று கூட வந்தார். நானா எங்கள் இருவரையும் சேர்த்துக் கண்டதும், கேட்குமுன்பே சொல்லிவிட்டார்.

“நா செல்றதுக்கு என்ன மிஸ். நானும் அப்படித்தான் நெனச்ச. ரெண்டு பேரும் கோவிக்க வாணாம்.”

ஒவ்வொரு வாசலிலும் அதே கதைதான் நடந்தது. ஆளுக்கொரு சாமியைத் தார்ப்பாய்க்குள் வைத்திருந்தார்கள், எல்லாம் மற்றவர்களின் சாமி. மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்று கையொப்பமும் கிடைத்தன. என் கணவர் நாற்பத்து நான்காவதாகக் கேட்காமலே இட்டார்.

குறித்த நாள் அதிகாரி வந்தார். கோப்பைக் கையில் விரித்துப் பிடித்தபடி முச்சந்தியில் நின்றார். ஒழுங்கை முழுவதும் அங்கே நின்றது. சிங்களத்தில்தான் கதைத்தோம்.

“போன மாதம் நாற்பத்து மூன்று பேர் வேண்டாம் என்றீர்கள். இப்போது அதே ஆட்கள் வேண்டும் என்கிறீர்கள். காரணம் என்ன?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதல் நாளிரவு காரணங்கள் எழுதிப் பார்த்திருந்தேன். நகரின் அழகு, சுற்றுலாப் பயணிகள், நிழல். எல்லாம் பொய்யாக இருந்ததால் கிழித்துப் போட்டேன்.

“பார்க்காமல் எழுதிவிட்டோம், சேர். இப்போது பார்த்துவிட்டோம்.”

“இது கோப்பில் எழுதுகிற காரணம் இல்லை. இது யாருடைய சிலை? அதையாவது சொல்லுங்கள்.”

“தெரியாது.”

“என்ன உருவம்?”

“அதுவும் தெரியாது. எழுதிய மூன்று பக்கமும் என்னுடையது. பிழையும் என்னுடையது. மற்றவர்கள் என்னை நம்பிக் கையொப்பமிட்டவர்கள். தண்டனை ஏதும் இருந்தால் எனக்குத் தாருங்கள். கல்லை உடைக்க வேண்டாம்.”

அரசாங்கக் கோப்பு ஒன்றின் முன்னால் அழுதது அதுவே முதல் தடவை. அதிகாரி சங்கடப்பட்டுக் கற்களின் பக்கம் திரும்பினார். வெளிப்பக்கத் தடங்களைப் பார்த்தபடி சுற்றிப் போனார். நடு வாசலுக்கு வந்ததும் நின்றார். அவர் கண் கீழே போனது. இரண்டு சோடி செருப்பு அங்கே கிடந்தது. பிறகு கோப்பை நானாவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

காலுறையோடு உள்ளே போனார். துறைமுகப் பக்கமிருந்து ஒரு லொறி வந்தது. யாரும் அசையவில்லை. லொறி போய் வெகுநேரம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார். வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கட்டினார், கோப்பை வாங்கினார், கடிதம் வரும் என்றார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. எதிர்ப்பு மீளப் பெறப்பட்டதால் அகற்றும் ஏற்பாடு கைவிடப்பட்டது என்று ஒரே வரி. அன்றே அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள். இருவரும் வாங்கில் உட்கார்ந்தோம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன், பிறகு பனிஸ் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆனபோதுதான் சொன்னேன்.

“தங்கச்சி, அந்த மனுவை எழுதினது நான். இஞ்ச இருக்கிற சனம் எல்லாத்தையும் கையொப்பம் போட வைச்சதும் நான்தான். தார்ப்பாய் கட்டியிருக்கேக்கையே எழுதினனான். நீங்கள் அண்டைக்குக் கேக்கேக்கை வாய் திறக்காமல் நிண்டனான்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் அதுவும் நியாயம்தான்.

“இதுக்கு முன்ன பதினோரு வேல செஞ்சிருக்கேன்,” என்றாள். “எல்லாம் கண்காட்சி மண்டபத்துக்குள்ள வெச்சது. வர்றவங்க நல்லாருக்குனு சொல்வாங்க. டீ குடிப்பாங்க. போயிருவாங்க. வேணாம்னு யாரும் ஒரு வார்த்த எழுதினதில்லங்கம்மா. வேணும்னும் எழுதினதில்ல.”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நீங்க எழுதின அந்த லெட்டர் ஒரு கொப்பி இருக்குங்களா?”

இருந்தது. நான் எழுதும் எல்லாவற்றுக்கும் வீட்டில் பிரதி இருக்கும். நடந்துபோய் எடுத்துவந்து கொடுத்தேன். அவள் மூன்று பக்கத்தையும் வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கற்களுக்கு நடுவே போய் நின்று முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.